ரோபோத் தொழிலும் உலகச் சந்தையும்: ‘பேண்டிகூட்’ காட்டும் வழி

‘ரோபோ’ என்னும் சொல் அறிவியலாளர் ஆக்கிய சொல் அன்று. இலக்கியம் தந்த சொல். செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகம் ஒன்றில் அது முதன்முதல் இடம்பெற்றது. அச்சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர்தம் தமையனார் யோசெப். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்பது ஊதியமில்லாக் கட்டாய உழைப்பைக் குறிக்கும். சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ எனப் பயிலும் சொல்லும் இத்தகைய உழைப்பையே சுட்டுகிறது. காவிரிப் படுகையினராகிய நமக்கு இச்சொல்லின் பொருளை அகராதி பார்த்து அறிய வேண்டிய தேவை இல்லை.

இன்று ரோபோக்களை ஆக்குவோர் பெருநிறுவனத்தார் மட்டும் அல்லர். கல்லூரிப் படிப்பை முடித்த நால்வர் ஐவர் கூடித் தொடங்கும் புத்தொழில் நிறுவனங்களும் இத்துறையில் இறங்கியுள்ளன. கணினி மென்பொருளைத் திருத்துறைப்பூண்டியில் எழுதி ஒரு நொடியில் டோக்கியோவுக்கு அனுப்பிவிடலாம். ரோபோ அப்படிப்பட்டதன்று. அது இரும்பும் கம்பியும் கலந்த பொருள். அதற்கு உதிரிப்பாகம் வேண்டும், சோதனைக்களம் வேண்டும், கப்பலேற்ற வேண்டும், பழுதானால் பார்க்க அங்கே ஆள் வேண்டும். இவ்விடத்தில்தான் அறிவிருந்தும் இளைஞர் பலர் சோர்ந்து நின்றுவிடுகின்றனர்.

இவர்க்குத் துணை செய்ய எழுந்தவையே ‘முடுக்கித் திட்டங்கள்’. 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஒய் காம்பினேட்டர்’ இதற்கு முன்மாதிரி எனலாம். புதிய நிறுவனங்களை அணியாகத் தேர்ந்து, ஏறத்தாழ மூன்று திங்கள் பயிற்றுவித்து, சிறு முதலீடு தந்து, இறுதியில் முதலீட்டாளர் முன் நிறுத்துவது அதன் முறை. இயந்திரம் செய்வோர்க்கென்றே எழுந்தது ‘ஹாக்ஸ்’. அது சீனத்தின் சென்சென் நகரில் 2012இல் முதல் அணியைப் பயிற்றுவித்தது. மின்னணு உதிரிப்பாகச் சந்தைக்கு அருகிலேயே பட்டறை அமைத்துத் தந்தமை அதன் சிறப்பு. சிறுவர்க்கான ரோபோக் கருவிகளை இன்று உலகெங்கும் விற்கும் ‘மேக்பிளாக்’ அந்த முதல் அணியில் வளர்ந்த நிறுவனமே.

குட்டிப்புரத்திலிருந்து கும்பகோணத்திற்கு

அயல்நாட்டுக் கதை இருக்கட்டும். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் குட்டிப்புரத்தில் முஸ்லிம் கல்விச் சங்கம் நடத்தும் பொறியியல் கல்லூரி ஒன்று உள்ளது. அங்குப் பயின்ற விமல் கோவிந்த், ரஷீத், நிகில், அருண் ஜார்ஜ் ஆகிய நால்வர் தொடங்கியது ‘ஜென்ரோபோடிக்ஸ்’. கல்லூரி நாள்களில் அவர்கள் செய்தது, மனிதர் உடலில் அணிந்து வலிமை பெறும் ஒரு புறக்கூடு. கேட்போர்க்கு வியப்பளிக்கும் பொருள்தான், வாங்குவார் யார்?

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளர் இருவர் நச்சுவாயுவால் மயங்கினர். அவ்வழியே வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், முன்பின் அறியாத அவ்விருவரையும் மீட்க உள்ளே இறங்கினார். மூவரும் மாண்டனர். இந்நிகழ்வே இளைஞர் நால்வரின் கருத்தையும் திருப்பியது. புறக்கூட்டிற்கு வாங்குவார் இல்லை. ஆனால் சாக்கடைக் குழியோ ஊர்தோறும் இருந்தது. மனிதரைக் குழியில் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு என 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. சட்டம் இருந்தது; சட்டத்தை நிறைவேற்றும் கருவி இல்லை.

அக்கருவிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பேண்டிகூட்’, அதாவது பெருச்சாளி. (இந்த ஆங்கிலச் சொல்லே தெலுங்கின் ‘பந்திகொக்கு’ என்பதன் திரிபு, சொற்களும் கடல் கடந்து வேறுருவில் வீடு திரும்புகின்றன!) குழிக்குள் இறங்கும் கரமுடைய பகுதி ஒன்று, மேலே நின்று அதனைத் தாங்கி இயக்கும் பகுதி ஒன்று என அது இரு கூறாக அமைந்தது. படக்கருவியும் வாயு உணர்வியும் அதில் உண்டு. முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளரையே பயிற்றுவித்து இயக்குநராக அமர்த்தியமை ஈண்டு நோக்கத்தக்கது. உழைப்பாளியின் வேலையைப் பறிக்காமல் அவனைக் குழியினின்று மேலே ஏற்றிய இயந்திரம் அது.

கேரள அரசின் ‘ஸ்டார்ட்அப் மிஷன்’ இவர்க்குத் துணை நின்றது. அதனை முடுக்கி என்பதினும் காப்பகம் என்பது பொருந்தும். அந்த அமைப்பு செய்த பேருதவி பணமன்று; மாநிலக் குடிநீர் ஆணையத்தோடு இவர்களை இணைத்து, உண்மையான சாக்கடையில் சோதிக்க வழி செய்ததே. 2018 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் பேண்டிகூட் பணியில் இறங்கியது. அதே ஆண்டில், அன்று நகராட்சியாக இருந்த நம் கும்பகோணம் அதனை வரவழைத்தது. மலையாள மண்ணில் பிறந்த கருவிக்கு வெளிமாநிலத்தில் கதவு திறந்த ஊர்களுள் டெல்டாவின் கோயில் நகரும் ஒன்று என்பது நமக்குப் பெருமையே. 2022இல் சென்னையின் ‘சோஹோ’ நிறுவனம் அதில் இருபது கோடி ரூபாய் முதலிட்டது. முதலீட்டாளர் பின்னே வந்தனர். நகராட்சிகள் முன்னே வந்தன. இவ்வரிசையை மாணவர் மறத்தல் கூடாது.

புலி முத்திரை

உள்ளூரில் வென்ற கருவி அயல்நாடு செல்வதற்கு மற்றொரு வாயில் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டங்களுக்குச் சோழரின் புலி முத்திரை இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலையால் அறிகிறோம். முத்திரை பெறாத பொதி துறையைக் கடக்காது. இன்று ஐரோப்பாவில் விற்கப்படும் ரோபோவிற்கு ‘சி.இ.’ என்னும் குறியீடு அத்தகையது. கரம் தவறி அசைந்தால் என்னாகும், மின்சாரம் நின்றால் என்னாகும் என ஒவ்வோர் இடரையும் ஆராய்ந்து, ஆவணப்படுத்தி, அதன் பின்னரே குறியீட்டை இடவேண்டும். படம் வரையத் தெரிந்த பொறியாளர்க்கு இவ்வாவணம் எழுதத் தெரிவதில்லை. நல்ல முடுக்கித் திட்டம் இதனைச் செய்து பழகியவரை உடன் அமர்த்துகிறது. பழுது பார்க்கவும் பொருளை விற்கவும் அந்நாட்டில் நம்பத்தக்க ஒருவரை அறிமுகம் செய்கிறது. நாகூரிலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் சென்ற நம் முன்னோர், ஏற்கெனவே அங்குக் கடை வைத்திருந்த உறவினரிடம் சில காலம் இருந்து தொழில் பழகிய பின்னரே தனிக்கடை வைத்தனர். பெயர்தான் புதிது.

இத்துணை இலவசமன்று. ஒய் காம்பினேட்டர் தன் வழக்கமான ஒப்பந்தத்தில் 1,25,000 டாலருக்கு நிறுவனத்தின் ஏழு விழுக்காட்டுப் பங்கைப் பெறுகிறது. பங்கு கேட்காத திட்டங்களும் உண்டு. தமிழ்நாடு அரசின் புத்தொழில் இயக்கம் மதுரை, திருநெல்வேலி, ஈரோடு ஆகிய இடங்களில் வட்டார மையங்களை நிறுவியுள்ளது. கையொப்பமிடுமுன் பங்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு, வடிவமைப்பின் உரிமை யாருக்கு என்னும் மூன்றையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுதல் வேண்டும். வெறும் சான்றிதழும் குழுப்படமும் தந்து அனுப்பும் திட்டங்களில் மூன்று திங்களைக் கழிப்பதைவிட ஒரு நகராட்சிப் பொறியாளரின் அறைவாயிலில் மூன்று நாள் காத்திருப்பது மேல் என்பது என் கருத்து.

நம் வட்டாரத்திற்கு வருவோம். நெல்வயலில் வாத்துப்போல் மிதந்து, நீரைக் கலக்கி, ஒளி புகாமல் செய்து களையைத் தடுக்கும் ரோபோ ஜப்பானில் 2023இல் விற்பனைக்கு வந்தது. அங்கு வயல் சமன், நீர் அளவோடு நிற்கிறது. நம் களிமண் வயலில், ஒருநாள் முழங்கால் நீரும் மறுவாரம் வெடிப்பும் காணும் குறுவையில், அது மிதக்குமா? இதனை ஆராய நம் மாணவர்க்குச் சென்சென் பட்டறை வேண்டியதில்லை; சோதனைக்களம் கல்லூரிக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. எந்த முடுக்கித் திட்டத்தின் நேர்காணலிலும் முதலில் கேட்கப்படும் வினாக்கள் இரண்டே: எத்தனை ஏக்கரில் ஓட்டிப் பார்த்தீர்கள்? எத்தனை உழவர் காசு கொடுத்தனர்?