லெப்டினன்ட்டை எப்படிக் கூப்பிடுவது?

அமெரிக்கத் தரைப்படையில் புதிதாகப் பதவியேற்கும் செகண்ட் லெப்டினன்ட்டுக்கு வயது பெரும்பாலும் 22, 23தான் இருக்கும். வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியிலோ கல்லூரியில் நடக்கும் ஆர்.ஓ.டி.சி. அதிகாரிப் பயிற்சியிலோ தேறிய சீக்கிரத்திலேயே 30, 40 பேர் கொண்ட பிளாட்டூன் அவர் பொறுப்பில் வந்துவிடும். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பிளாட்டூன் சார்ஜென்ட்டோ பத்துப் பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் போட்டவர். அதிகாரம் ஒருவரிடம், அனுபவம் இன்னொருவரிடம். பட்டப்பெயர்கள் முளைப்பது இந்த இடைவெளியில்தான். அங்கே சிப்பாயாகச் சேர்ந்தாலும் சரி, அதிகாரியாகப் போனாலும் சரி, ராணுவத் தளத்தில் ஒப்பந்த வேலைக்குப் போனாலும் சரி, இவற்றில் எது யார் வாயில் பொருந்தும் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அதிகம் காதில் விழுவது ‘எல்டி’. எழுத்தில் போடும் சுருக்கம் அப்படியே பேச்சுக்கு வந்துவிட்டது. தரைப்படையில் இது கிட்டத்தட்ட உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது மாதிரி. “எல்டி, நாளைக்குக் காலையில ரெண்டு வண்டி கிளம்பாது. மெக்கானிக்கிட்ட பேசிட்டேன், கேப்டன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்று பிளாட்டூன் சார்ஜென்ட் வந்து நின்றால், அதில் அவமரியாதை துளியும் கிடையாது. உங்களை நம்பி விஷயத்தைக் கொண்டுவந்திருக்கிறார். இதற்கு முகம் சுளிக்கும் அதிகாரி, அடுத்த முறை வண்டி நடுவழியில் நின்ற பிறகுதான் சேதி கேள்விப்படுவார். அதே ‘எல்டி’யை, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத சிப்பாய் அணிவகுப்பில் நின்றபடி சொன்னால் கதை வேறு. அதிகாரி வாய் திறக்கவே வேண்டாம், சார்ஜென்ட்டே அவரைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார்.

மரைன் படையில் ‘எல்டி’ எடுபடாது. முழுசாக ‘லெப்டினன்ட்’, இல்லையென்றால் ‘சார்’ அல்லது ‘மேம்’. கடற்படையில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ‘எல்டி’ என்பது லெப்டினன்ட் என்ற பதவிக்கே உரிய எழுத்துச் சுருக்கம். அந்தப் பதவி தரைப்படைக் கேப்டனுக்குச் சமம். தரைப்படை செகண்ட் லெப்டினன்ட்டுக்கு இணையானவர் கடற்படையில் என்சைன். இரண்டு படையும் சேர்ந்து இயங்கும் தளத்தில் ஒரு என்சைனை ‘எல்டி’ என்று மின்னஞ்சலில் எழுதினால், அவருக்கு இல்லாத பதவியைக் கொடுத்த தவறு உங்கள் பேரில் நிற்கும். கப்பலில் இருக்கும் என்சைன்களில் மூத்தவரை ‘புல் என்சைன்’ என்பார்கள். அந்தப் பெயர் பொறித்த, வழக்கத்தைவிடப் பெரிய பட்டையும் அவருக்குக் கிடைக்கும். புதிதாக வருகிறவர்களைப் பழக்குவது அவர் வேலை. அதைக் கேட்டு யாரும் வருத்தப்பட்டுப் பார்க்க முடியாது.

‘பட்டர்பார்’ இந்த வகையில் சேராது. செகண்ட் லெப்டினன்ட்டின் சின்னமாகப் பொன்னிறப் பட்டை 1917-இல் வந்தது. வெண்ணெய்க் கட்டியைப் போல இருப்பதால் இந்தப் பெயர். ஒரே வருஷத்தில் பதவியேற்ற தோழர்கள் தங்களுக்குள் தாராளமாகச் சொல்லிக்கொள்வார்கள். சிப்பாய்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், காதில் விழுந்தாலும் விழாததுபோல நடந்துவிடுவது நல்லது. சாதாரணமாக 18 மாதத்தில் பதவி உயர்ந்து வெள்ளிப் பட்டை வந்ததும் பெயரும் போய்விடும். சிவிலியன் ஊழியர் மட்டும் எந்த நிலையிலும் இதை வாயில் எடுக்கவே கூடாது.

அந்தக் காலத்துப் பெயர்களும் அனுபவமின்மையைத்தான் குத்தின. ‘ஷேவ்டெயில்’ என்றால் வால்மயிர் மழித்த கோவேறு கழுதை. புதிதாகப் பழக்கிய கழுதையை அடையாளம் காண அப்படி மழித்துவிடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ மூன்றே மாதப் பயிற்சியோடு அதிகாரியானவர்களுக்கு ‘தொண்ணூறு நாள் அதிசயம்’ என்று பெயர். பிரிட்டிஷ் சிப்பாய்கள் சொல்லும் ‘ரூபர்ட்’ வேறு ரகம். பணக்கார வீட்டுப் பிள்ளை என்ற வர்க்கக் கோபம் அதில் இருக்கிறது.

அனுபவமின்மையைக் குத்தும் பெயர் வேலை கற்கக் கற்கத் தானாக உதிரும். பிறப்பை, ஊரை, பெண் என்பதைக் குத்தும் பெயர் உதிராது. அதைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம்மவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2009-இல் தொடங்கி, வெளிநாட்டவரை மொழித் திறமைக்காகச் சேர்த்த ‘மாவ்னி’ திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. சீருடையின் வலது மார்பில் குடும்பப்பெயர் தைத்திருக்கும். அது நீளமாக இருந்தால் ‘ஆல்ஃபபெட்’ என்று கூப்பிட்டுவிடுவார்கள். முதல் நாளே முந்திக்கொள்ளுங்கள். பெயரை இரண்டு துண்டாக நிதானமாகச் சொல்லிக்காட்டுங்கள். சுருக்கம் வேண்டுமென்றால் நீங்களே ஒன்றைக் கொடுங்கள்: “சுப்ரமணியன். ‘லெப்டினன்ட் மணி’ன்னாலும் சரிதான்.” அதற்குப் பிறகும் கேலி நீடித்தால் பிளாட்டூன் சார்ஜென்ட், பிறகு கம்பெனி கமாண்டர், அங்கும் தீராவிட்டால் படையின் சம வாய்ப்பு ஆலோசகர் என்று படிப்படியாகப் போகலாம். தேதி, இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்து வையுங்கள்.

சிப்பாயாக இருந்து அதிகாரியானவருக்கு ‘மஸ்டாங்’ என்று பெயர். அதைச் சொன்னால் நெஞ்சை நிமிர்த்தலாம். நான்கு வருஷத்துக்கு மேல் சிப்பாய் சர்வீஸ் இருந்தால் சம்பள அட்டவணையிலேயே தனி வரிசை உண்டு.

புது லெப்டினன்ட் காட்டில் வழி தவறுவார் என்பது அமெரிக்கப் படையில் தீராத கேலி. ‘லாஸ்ட்’ என்று எழுத ‘எல்’லும் ‘டி’யும் வேண்டுமே என்பார்கள். இதற்குக் கோபப்பட்டால் கேலி இரட்டிக்கும். வரைபடமும் திசைகாட்டியுமாக, ஜி.பி.எஸ். இல்லாமல், ஓய்வு நாளில் பயிற்சி மைதானத்தைச் சுற்றி வாருங்கள். கூட வரச் சொல்லிச் சார்ஜென்ட்டிடம் கேளுங்கள், அநேகமாக வருவார். ‘எல்டி’ என்ற அழைப்பே உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால், அதையும் அந்த நடையில் அவரிடம் ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். மொத்த பிளாட்டூனையும் நிறுத்தி அறிவிக்க வேண்டாம். மறுநாளிலிருந்து எல்லோரும் ‘சார்’ என்றோ ‘மேம்’ என்றோ கூப்பிடும்படி அவர் பார்த்துக்கொள்வார்.