வமிசாவளியும் கணினி அட்டவணையும்

கிளைவிடும் மரமாக நாம் வரையும் வமிசாவளியைக் கணினியிலே பேணுவது எவ்வாறு? 1970இல் எட்கார் கொட் வகுத்த தொடர்புசார் தரவுத்தளத்தில் யாவும் அட்டவணைகளே. ஆகவே ஆளுக்கொரு நிரை அமைத்து, தனியிலக்கம் இட்டு, தாய் தந்தை இருவரின் இலக்கங்களையும் அதே நிரையில் எழுதுவோம். பெயர் மட்டும் போதாது. பாட்டன் பெயரே பேரனுக்கும் அமைவதுண்டு. தந்தைக்கு மட்டும் நிரல் வைத்தால் தாய்வழி முழுவதும் மறைந்துவிடும்.

பூட்டனாரின் வழித்தோன்றல்கள் யாவர்? முதலில் அவர் இலக்கத்தைப் பெற்றோராகக் கொண்டவர்களைத் தேடுவோம்; பின்னர் அவர்களுடைய பிள்ளைகளை; புதியவர் எவரும் அகப்படாதபோது நிறுத்துவோம். மீள்சுழல் வினவல் எனப்படும் இம்முறை 1999ஆம் ஆண்டு எஸ்.கியூ.எல். நியமத்தில் இடம்பெற்றது.

மாணவச் செல்வங்களே! ஊர்விட்டுச் சிதறிய நம் உறவுகளின் பெயர்களை அறிந்தோர் வீட்டு முதியோரே. இன்றே கேட்டு எழுதுங்கள். எழுதாத நிரையைக் கணினி தேடித் தராது.