நலிவு வேறு, வயது வேறு

சுஜூதிலிருந்து எழும்ப முடியவில்லை என்று எங்கள் உம்மும்மா கதிரையில் இருந்து தொழத் தொடங்கினார். “வயசு பெய்த்துதானே மகள்” என்றார். நாங்களும் அப்படியே நம்பினோம். கேட்குமுன் தண்ணீரைக் கையில் கொடுத்தோம். குசினிப் பக்கம் வர விடவில்லை. பெருநாள் சட்டை தொளதொளத்தபோது தைத்தவரைக் குறை சொன்னோம்.

மூன்று மாதங்களுக்கு முன் அவருடன் கிளினிக்குக்குச் சென்றேன். வைத்தியர் முதலில் அவரை எழுந்து நடந்து காட்டச் சொன்னார். ஏன் என்று அறியும் ஆவலில் தேடி வாசித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

உடலின் கையிருப்புப் பலம் குறைந்து, சிறு காய்ச்சலோ தடுமாற்றமோ கூட ஒருவரைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடிய நிலையே நலிவு. 80 வயதிலும் நலிவடையாதவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் லின்டா ஃப்ரீட் குழுவினர் 2001 இல் இதற்கு ஐந்து அடையாளங்களை முன்வைத்தனர்:

1. முயலாமலே ஒரு வருடத்தில் 4.5 கிலோகிராமுக்கு மேல் எடை குறைதல்
2. எதைச் செய்தாலும் களைப்பு
3. கையின் பிடிவலு குறைதல்
4. நடை வேகம் குறைதல்
5. உடலுழைப்புக் குறைதல்

மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்திய நிலை.

பிடிவலுவை அளக்கக் கருவி வேண்டும். ஆனால் நடையை வீட்டிலேயே பார்க்கலாம். கைப்பிடியுள்ள கதிரையொன்றை வைத்து, அதிலிருந்து 3 மீற்றர் தூரத்தில் கோடு இடுங்கள். வழமையான செருப்புடன், தேவையானால் ஊன்றுகோலுடன், அவர் எழுந்து இயல்பான வேகத்தில் கோடு வரை சென்று, திரும்பி வந்து அமர வேண்டும். அதற்கான நேரத்தைக் குறியுங்கள். 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் விழும் ஆபத்து உண்டு, வைத்தியரிடம் சொல்லுங்கள். விழாமல் தாங்க ஒருவர் அருகில் நிற்பது அவசியம்.

உம்மும்மாவுக்கு 19 செக்கன் ஆனது. திரும்பும்போது சுவரைப் பிடித்தார். கிளினிக் கொப்பியைப் புரட்டினால், ஒரு வருடத்தில் 6 கிலோ குறைந்திருந்தது. தைத்தவர்மீது பிழையில்லை.

வைத்தியர் அவரது மருந்துகளை மீளப் பார்த்தார். ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பருப்பு என ஏதாவதொரு புரத உணவு கொடுக்கச் சொன்னார். கதிரையிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியையும் கற்றுத் தந்தார். தசை வேலை செய்யாவிட்டால் மெலியும் என்பதை உயிரியல் பாடத்தில் படித்திருந்தும், உம்மும்மாவின் வேலைகளைப் பறித்தவர்களில் நானும் ஒருத்தி என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது அஸருக்குப் பின் அவர் எழுந்து அமர, நான் எண்ணுகிறேன். சென்ற கிழமை 15 செக்கன் ஆனது. 12 க்கு இன்னும் இறங்கவில்லை, கதிரையில்தான் தொழுகிறார். ஆனால் தண்ணீரை அவரே போய் எடுக்கிறார். நான் பக்கத்தில் நடக்கிறேன்.

உங்கள் வீட்டு மூத்தவர்களுக்குப் பணிவிடை செய்யுங்கள். ஆனால் அவர்களால் செய்யக்கூடியதை அவர்களிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.