கிருமிகள் தண்டோரா போட்டால்...!

"போன மாசம் பெரியவனுக்கு வாங்கின ஆன்டிபயாடிக் சிரப் பாதி பாட்டில் இருக்கு டாக்டர். சின்னவனுக்கும் சளிதானே, அதையே ரெண்டு மூடி ஊத்தலாமா?"

குயிலாப்பாளையத்திலிருந்து பத்து மாதக் குழந்தையோடு வந்த தாய் கேட்டார். மருந்து விற்கிற விலைக்கு யாருக்குத்தான் கீழே கொட்ட மனசு வரும்? "வேண்டாம்மா" என்று சொன்னேன். காரணம், குழந்தையின் மூக்குக்குள் இருக்கிறது.

நிமோனியா, மூளைக்காய்ச்சல், காதில் சீழ் என்று பல தொல்லைகளைத் தரும் பாக்டீரியா நிமோகாக்கஸ். நன்றாக ஓடியாடும் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும்கூட இது குடியிருக்கும். பெரும்பாலும் தொந்தரவு தராது. ஆனால் சும்மாவும் இருக்காது. 17 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு குட்டிப் புரதத் துண்டை வெளியே விடும். நார்வே நாட்டு ஹோவர்ஸ்டைனும் சகாக்களும் 1995-ல் அடையாளம் கண்ட இந்தத் துண்டுதான் கிருமிகளின் தண்டோரா! அக்கம்பக்கத்தில் கிருமிகள் சேரச் சேர இதுவும் சேரும். ஓர் அளவைத் தாண்டியதும் கூட்டமே விழித்துக்கொள்ளும்.

விழித்ததும் என்ன செய்யும்? வெளியே கிடக்கும் டி.என்.ஏ. துண்டுகளை உள்ளே இழுக்கத் தயாராகும். அதோடு, பக்கத்துக் கிருமிகளைக் கொல்லும் பொருள்களையும் சுரக்கும். பாக்டீரியோசின் அதில் ஒரு வகை. (தன் ஆயுதம் தன்னையே பதம் பார்த்துவிடாமல் இருக்கக் காப்புப் புரதமும் வைத்திருக்கிறது, பலே ஆசாமி!) ரெண்டும் ஏன் ஒரே சமயத்தில்? பக்கத்து வீட்டுக்காரன் செத்தால்தானே அவன் மரபணுக்கள் வெளியே சிந்தும்! அதில் உபயோகமானதைத் தன்னுடையதோடு ஒட்டிக்கொள்ளும்.

இது வெறும் கதையல்ல. 1928-லேயே இங்கிலாந்தின் கிரிஃபித், செத்துப்போன கொடிய நிமோகாக்கஸையும் உயிருள்ள சாதுவான நிமோகாக்கஸையும் கலந்து எலிக்குப் போட்டார். எலி செத்தது. சாது, செத்தவனிடமிருந்து குணத்தை வாங்கிக்கொண்டுவிட்டது!

பென்சிலினுக்கு அடங்காத நிமோகாக்கஸ் உருவானதும் இப்படித்தான். வாயில் வாழும் உறவுக் கிருமிகளிடமிருந்து மரபணுத் துண்டுகளைத் திருடியிருக்கிறது. இன்னொரு விபரீதம்: ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகள் பட்டாலே இந்தத் தண்டோரா கிளம்புகிறது என்று 2006-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சோதனைச்சாலையில் காட்டினார்கள்.

சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக்கால் பயன் இல்லை. கண்ணளவில் ஊற்றும் ரெண்டு மூடியில், மருந்துக்கு அடங்குகிற கிருமிகள் சாகும். அடங்காதவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தவிர, தண்ணீர் கலந்த சிரப் சில நாள்தான் தாங்கும். போன மாசத்து பாட்டில் எதற்கும் உதவாது.

அந்தத் தாயிடம் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தேன். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் அரசு அட்டவணையிலேயே இலவசம்; ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று தவணை. இந்தக் குழந்தைக்கு மூன்றாவது விட்டுப்போயிருந்தது! "ஊருக்குப் போயிருந்தோம், மறந்துட்டேன்" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதும் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

கூடவே ஒன்று சொல்லி அனுப்பினேன். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.