தைராய்டு கூடிப்போனால்: மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். பஹ்ரைனில் ஈசா டவுனில் குடியிருக்கிறோம். மகள் இங்குள்ள இந்தியன் ஸ்கூலில் படிக்கிறாள். சில மாதங்களாகவே படபடப்பு, கை நடுக்கம். நன்றாகச் சாப்பிட்டும் ஆறு கிலோ குறைந்துவிட்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் முதலில் நினைத்தோம். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.01, ஃப்ரீ டி4 48 என்று வந்தது. ஆன்டிபாடி பரிசோதனையும் பாசிட்டிவ். கிரேவ்ஸ் நோய் என்று சொல்லி கார்பிமசோல் தினமும் 30 மில்லிகிராம், கூடவே புரோப்ரனலால் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது ஃப்ரீ டி4 19-க்கு இறங்கியிருந்தது. ஆனால் டி.எஸ்.எச். அதே 0.01-தான். மருந்து கேட்கவில்லையா? முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதால் பயோட்டின் மாத்திரையும் சாப்பிட ஆரம்பித்திருக்கிறேன். பள்ளி லீவுக்கு ஊருக்குப் போகிறோம். பரிசோதனையை அங்கேயே எடுத்துக்கொள்ளலாமா? மாமியார், "எனக்கும் தைராய்டுதானே, என் மாத்திரையையே காலையில் வெறும் வயிற்றில் போடு" என்கிறார். இன்னொரு குழந்தைக்கும் ஆசை இருக்கிறது.

- வாசகி, ஈசா டவுன்

பதில்: மருந்து நன்றாகவே கேட்கிறது, அம்மா. 48-லிருந்து 19-க்கு வந்திருக்கும் ஃப்ரீ டி4-தான் அதற்குச் சாட்சி. உங்கள் லேப் ரிப்போர்ட்டில் சரியான அளவு ஏறத்தாழ 12 முதல் 22 வரை என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எல்லைக்குள் வந்துவிட்டீர்கள்.

டி.எஸ்.எச். ஏன் அசையவில்லை? அதைச் சுரப்பது தைராய்டு அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்பும் ஹார்மோன் அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மாதக்கணக்கில் அளவுக்கு மீறி இருந்ததால், பிட்யூட்டரி அனுப்புவதையே நிறுத்திவிட்டது. டி4 சரியான பிறகும் அது பழையபடி வேலையைத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். சிலருக்குப் பல மாதங்களும் ஆகும். அதனால் சிகிச்சையின் முதல் சில மாதங்களில் மருத்துவர்கள் மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பது ஃப்ரீ டி4, டி3 இரண்டையும் வைத்துத்தான். டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்த்து "நோய் இன்னும் குறையவில்லை" என்று டோஸைக் கூட்டினால், கொஞ்ச நாளில் நீங்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவீர்கள்: உடம்பு ஊதும், சோர்வு வரும், கழுத்து வீக்கமும் கூடலாம். அடுத்த முறை டி3-யும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். டி4 சரியாகி, டி3 மட்டும் கூடுதலாக நிற்பவர்களும் உண்டு.

கார்பிமசோல் புது ஹார்மோன் உற்பத்தியைத்தான் தடுக்கிறது. சுரப்பிக்குள் ஏற்கெனவே சேர்ந்து கிடப்பதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மோட்டாரை நிறுத்தினாலும் மேல்தொட்டித் தண்ணீர் தீரும்வரை குழாயில் வந்துகொண்டுதானே இருக்கும்? மருந்து தொடங்கி முதல் இரண்டு மூன்று வாரம் பெரிய மாற்றம் தெரியாததற்குக் காரணம் இதுதான். அந்த இடைவெளியில் படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கத்தான் புரோப்ரனலால். அது தைராய்டுக்கான மருந்து அல்ல, அந்த அவஸ்தைக்கான மருந்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது; உங்களுக்கு இழுப்பு இருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது மாமியாரின் மாத்திரை. அவர் அன்பால் சொல்கிறார், தெரிகிறது. ஆனால் நம் வீடுகளில் 'தைராய்டு மாத்திரை' என்றால் பெரும்பாலும் தைராக்ஸின்தான். சுரப்பு குறைந்தவர்களுக்கு வெளியிலிருந்து ஹார்மோன் கொடுக்கும் மாத்திரை அது. உங்களுக்கோ அது ஏற்கெனவே மிதமிஞ்சிப்போனது. அவருடைய மாத்திரையை நீங்கள் போட்டால், ஓடிக் களைத்த இதயத்தை இன்னும் விரட்டுவதாகிவிடும். வெறும் வயிற்றில் போடுவது, அரை மணி நேரம் கழித்துக் காபி குடிப்பது போன்ற விதிகளும் தைராக்ஸினுக்குத்தான். கார்பிமசோலைச் சாப்பாட்டோடும் போடலாம். தினமும் ஒரே நேரத்தில் போட்டால் போதும்.

அடுத்து பயோட்டின். வளைகுடாவில் முடி கொட்டினால் எல்லோரும் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர் என்பதால் அந்தச் சந்தேகம் வருகிறது. உங்களுக்குக் கொட்டுவது பெரும்பாலும் நோயினால். ஹார்மோன் அளவு சீராகிச் சில மாதங்கள் ஆனால் தானே நிற்கும். பயோட்டினால் வரும் தொல்லை வேறு. உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்றெல்லாம் இருக்கும். தைராய்டு அளவைப் பார்க்கும் பல லேப் கருவிகள் தம் வேலைக்கே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது அதிகம் இருந்தால் கணக்கு தப்பி, டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், டி4, டி3 பொய்யாகக் கூடியும் காட்டும். அசல் கிரேவ்ஸ் நோயின் ரிப்போர்ட் போலவே இருக்கும். ஆன்டிபாடி பரிசோதனைகூட ஏமாறலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. நோயைக் கண்டுபிடித்த பிறகுதான் நீங்கள் பயோட்டின் தொடங்கினீர்கள் என்பதால் முதல் ரிப்போர்ட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இனி எடுக்கும் பரிசோதனைகளுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். என்னைக் கேட்டால், அந்த மாத்திரையே வேண்டாம்.

ஊரில் பரிசோதனை எடுக்கலாமா? எடுக்கத்தான் வேண்டும். இந்தக் கட்டத்தில் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, டோஸை 30-லிருந்து படிப்படியாக 20, 15, 10 என்று இறக்கிக்கொண்டு வருவார்கள். விடுமுறை என்று அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பஹ்ரைனில் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் ஃப்ரீ டி4 அளவு 'பிகோமோல் / லிட்டர்' கணக்கு. தமிழ்நாட்டில் பெரும்பாலான லேப்களில் 'நானோகிராம் / டெசிலிட்டர்' கணக்கில் கொடுப்பார்கள். ஒன்றை மற்றதாக மாற்ற 12.87 என்ற எண் வேண்டும். உங்கள் 19-ஐ அதனால் வகுத்தால் 1.48. ஆக, எந்த மாற்றமும் இல்லாமலேயே கும்பகோணத்து ரிப்போர்ட்டில் 1.48 என்று வரும். "19 இருந்தது ஒன்றரைக்கு வந்துவிட்டதே, அதிகமாகக் குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்து" என்று யாராவது சொல்லக்கூடும். எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அலகையும் சரியான அளவின் எல்லையையும் சேர்த்துப் பாருங்கள். லேப்புக்கு லேப் கருவி மாறும் என்பதால் ஊரில் எடுக்கும் எல்லாப் பரிசோதனையையும் ஒரே லேப்பில் எடுப்பது நல்லது. ஒரு நோட்டில் தேதி, டோஸ், டி4, டி3, டி.எஸ்.எச்., அலகு, எடை என்று வரிசையாக எழுதிவாருங்கள். இரண்டு நாட்டு மருத்துவர்களுக்கும் அந்த ஒரு நோட்டு போதும். இரண்டு மாதத்துக்கு வேண்டிய மாத்திரையையும் மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டையும் கைப்பையில் வையுங்கள். இங்கே கோடையில் காருக்குள் மாத்திரையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சூட்டுக்கு அது தாங்காது.

இப்போது சொல்லப்போவதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். கார்பிமசோல் சாப்பிடுபவர்களில் ஆயிரத்தில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு, கிருமியோடு போராடும் வெள்ளையணுக்கள் திடீரென்று அடியோடு குறைந்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். நீங்கள் அந்தக் காலத்தில்தான் இருக்கிறீர்கள். காய்ச்சல், கடுமையான தொண்டை வலி, வாய்ப்புண் இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் நிறுத்திவிட்டு, அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் சரி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "நான் கார்பிமசோல் சாப்பிடுகிறேன், நியூட்ரோபில் எவ்வளவு என்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். பார்மசியில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்கவே கூடாது. எண்ணிக்கை சரியாக இருந்தால் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். குறைந்திருந்தால் அந்த மருந்தை உங்கள் ஆயுளில் மறுபடி தொடக் கூடாது. போன மாதப் பரிசோதனை நன்றாக இருந்ததே என்ற தைரியமும் வேண்டாம். இது சொல்லாமல் வருவது. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது ஆகியவை கல்லீரல் கொடுக்கும் எச்சரிக்கை. அதற்கும் இதே அவசரம்.

குழந்தை ஆசை நல்ல ஆசை. கொஞ்சம் காத்திருங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில், முக்கியமாக ஆறாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரம் வரை, கார்பிமசோல் கருவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். திட்டமிட்டால் இதற்கு வழி இருக்கிறது. கருத்தரிப்பதற்கு முன்பே புரோப்பைல்தையோயூராசில் என்ற மாற்று மருந்துக்கு மாற்றுவார்கள். அல்லது நோயை முழுதாகத் தீர்த்துவிட்டுப் பிறகு முயலச் சொல்வார்கள். அந்த மாற்று மருந்து கல்லீரலைக் கடுமையாகப் பாதித்த சம்பவங்கள் உண்டு. அதனால்தான் எல்லோருக்கும் முதலிலேயே கொடுப்பதில்லை. அதுவரை கருத்தடையைக் கைவிடாதீர்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் அன்றே பரிசோதித்து, அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்துதான். கட்டுக்குள் வராத தைராய்டு தாய்க்கும் கருவுக்கும் கெடுதல்.

வழக்கமாக மாத்திரை 12 முதல் 18 மாதம் வரை. அதன் முடிவில் ஆன்டிபாடியை மறுபடி பார்த்து, அது மறைந்திருந்தால் நிறுத்துவார்கள். நிறுத்தியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் வருடத்துக்குள். அப்போது கதிரியக்க அயோடின் அல்லது அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும் இதற்கென்றே நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைத் துறைகள் இருக்கின்றன. ஊரில் அயோடின்-131 எடுத்துக்கொண்டு உடனே விமானம் ஏறுகிறவர்கள் மருத்துவமனையின் சான்றுக் கடிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். உடலில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கத்தால் விமான நிலையக் கருவி பல வாரங்களுக்குப் பிறகும் ஒலிக்கக்கூடும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் சில நாள் தள்ளியிருக்க வேண்டும். பெண்கள் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது.

உப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போகிறீர்கள். சமையலுக்கு அயோடின் உப்பு போடலாம். கடற்பாசி மாத்திரைகள் மட்டும் வேண்டாம்.

கேள்வி: பஹ்ரைனில் சித்ரா பகுதியில் வெல்டராக இருக்கிறேன், வயது 29. ராத்திரி பிரியாணி சாப்பிட்டுப் படுத்தேன். விடியற்காலை எழுந்தால் இரண்டு காலும் அசையவில்லை. மதியத்துக்குள் தானாகச் சரியாகிவிட்டது. இது இரண்டாவது முறை. கொஞ்ச நாளாகப் படபடப்பும் இருக்கிறது. ரூமில் இருப்பவர்கள் நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள்.

பதில்: தம்பி, இந்த வாரமே தைராய்டைப் பாருங்கள். தைராய்டு கூடிய ஆசிய ஆண்களில் சிலருக்கு, இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் திடீரென்று தசைக்குள் இழுக்கப்பட்டு, கை கால் சில மணி நேரம் செயலற்றுப் போவதுண்டு. கடுமையான வேலைக்குப் பின் ஓய்வு, மாவுச்சத்து மிகுந்த இரவுச் சாப்பாடு, விடியற்காலை: நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அதுதான் போலிருக்கிறது. மறுபடி வந்தால் தானாகச் சரியாகும் என்று படுத்திருக்காதீர்கள். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். ரூமில் இருப்பவர்களிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள், சி.பி.ஆர். கார்டை (பஹ்ரைன் அடையாள அட்டை) தலைமாட்டிலேயே வையுங்கள். கால் இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே பொட்டாசியம் பார்ப்பது முக்கியம், சரியான பிறகு எடுத்தால் அளவு சாதாரணமாக இருக்கும். பொட்டாசியம் மருந்தை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். பிறகு அது எல்லை மீறி ஏறிவிடும். தைராய்டு கட்டுக்குள் வந்தால் இந்தத் தாக்குதல் நின்றுவிடும். அதுவரை ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் ஏறும் வேலையை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தைராய்டு பெண்களுக்கான நோய் என்ற எண்ணத்தால் ஆண்களுக்கு இது தாமதமாகத்தான் பிடிபடுகிறது. வளைகுடாப் போர் முடிந்த சில வாரங்களில், 1991 மே மாதம், அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் ஓட்டப் பயிற்சியின்போது மூச்சு வாங்கி நின்றார். இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பியிருந்தது. காரணம் தேடியபோது கிரேவ்ஸ் நோய் என்று தெரிந்தது. அவர் மனைவி பார்பராவுக்கும் அதற்கு முன்பே அதே நோய்.

கேள்வி: ஐந்து மாதமாகக் கார்பிமசோல் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். ரமலான் நோன்பு வைக்கலாமா?

- வாசகர், மனாமா

பதில்: கடைசிப் பரிசோதனையில் டி4, டி3 சரியாக இருந்து, படபடப்பும் இல்லையென்றால் பெரும்பாலும் வைக்கலாம். 10 மில்லிகிராமை ஒரே வேளையாக சஹரிலோ இஃப்தாரிலோ எடுத்துக்கொள்ளலாம். எந்த வேளையைத் தேர்ந்தாலும் மாதம் முழுவதும் அதே வேளை. புரோப்ரனலால் இரண்டு மூன்று வேளை போடுகிறவர்கள், நாள் முழுதும் நிற்கும் மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று ரமலானுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு ஹார்மோன் அளவு இன்னும் கூடுதலாக இருப்பவர்களுக்கு வியர்வையிலேயே நிறைய நீர் போய்விடும். அவர்கள் இந்த வருட நோன்பை, தைராய்டு சீரான பிறகு களாவாக ஈடு செய்துகொள்வது பற்றி ஆலிமிடமும் மருத்துவரிடமும் பேசலாம். நோன்பின்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், மேலே ஈசா டவுன் வாசகிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்: மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. இஃப்தார் வரை காத்திருக்க வேண்டாம்.