டர்ஃபுக்குக் கீழே இருக்கும் மண்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. பொடக்காளியில் டர்ஃப் போட்டுத் தம்பிமாரோடு பந்து விளையாட வேண்டும் என்கிறாய். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஊர் ஊராகப் போவதைவிட வீட்டிலேயே இருப்பது நல்லது. நானும் உன் பக்கம்தான். ஆனால் நீ விசாரித்ததெல்லாம் புல்லின் நிறமும் சதுர அடி விலையும். டர்ஃப் வெறும் மேல்தோல். காசைப் போட வேண்டியது அதற்குக் கீழே.

முதலில் வெயிலைச் சொல்லிவிடுகிறேன். 1965இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கூரை போட்ட பெரிய அரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். கூரை வழியாக வந்த வெளிச்சம் கண் கூசியதால் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள்; புல் செத்துப்போனது. அடுத்த ஆண்டு அங்கே செயற்கைப் புல் விரித்தார்கள், அதன் பிறகுதான் செயற்கைப் புல் உலகப் புகழ் பெற்றது. வெயில் எட்டாத இடத்தில் பேர் வாங்கிய பொருளை நாம் பாலக்காட்டு வெயிலில் விரிக்கிறோம். 2016 ஏப்ரலில் மலம்புழையில் 41.9 டிகிரி பதிவானது நினைவிருக்கட்டும். அப்படிப்பட்ட வெயிலில் பிளாஸ்டிக் புல்லின் மேல்பரப்பு 60 டிகிரியையும் தாண்டும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம்தான் தணியும். அதனால் மேற்கே நிற்கும் மாமரத்தை யார் சொன்னாலும் வெட்டவிடாதே. சருகு விழும் என்பார்கள். பெருக்கிக்கொள்ளலாம்.

இனி மண். கேரளத்தில் கரிசல் மண் என்றால் நம் சித்தூர் தாலுகாதான். வடகரப்பதி, எருத்தேன்பதிப் பக்கம் சித்திரையில் போய்ப் பார், வயல் வெடிப்புக்குள் கையே நுழையும். அதே மண் மழை பெய்ததும் உப்பி மேலே எழும். இதன்மேல் நேராக ஜல்லி கொட்டி டர்ஃப் ஒட்டினால், ஒரு கோடையும் ஒரு மழையும் போனதும் தரை அலை அலையாகிவிடும், ஒட்டு பிரியும், ஓடுகிற பிள்ளையின் கால் மடங்கும். மேஸ்திரி ‘அரையடி தோண்டினால் போதும்’ என்றால் ஒப்புக்கொள்ளாதே. கரிசலை இன்னும் ஆழமாக வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் போட்டுத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். அதன்மேல் மண்ணும் கல்லும் கலக்காமலிருக்க ஜியோ துணி, பிறகு ஜல்லி, கடைசியில் கிரஷர் பொடி. மொத்தமாகக் கொட்டி ஒரே தடவையில் இறுக்கினால் மேல்பக்கம் மட்டும்தான் இறுகும். ஒவ்வோர் அடுக்காக இறுக்கச் சொல். பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும், அது கிணற்றுப் பக்கம் இருக்கக் கூடாது.

பின்பக்க நிலம் முன்பு நெல்வயலாக இருந்ததா என்று அப்பாவிடம் கேள். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி நெல்வயலை அனுமதியில்லாமல் நிரப்பக் கூடாது. வில்லேஜ் ஆபீசில் விசாரித்த பிறகு கடப்பாரையைத் தொடலாம்.

மூணாறில் இருக்கும் உன் பெரியம்மா மகனும் இதையே கேட்கிறான். அவனுக்கு இதைப் படித்துக் காட்டு. அங்கே சமதளமே கிடையாது. கோர்ட் வேண்டுமென்றால் சரிவை வெட்ட வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போய் எழுபது பேரை இழந்தோம். நம் மக்கள். மழையில் ஊறிய மலை என்ன செய்யும் என்று அதற்குப் பிறகும் தெரியாததுபோல ஜே.சி.பி.யைக் கூப்பிட முடியாது. வீட்டுக்கு மேலேயோ கீழேயோ சரிவை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அவனுக்கு கோர்ட் வேண்டாம் என்பதே என் முடிவு. பள்ளி மைதானத்தில் விளையாடட்டும்.

புல்லைப் பற்றிச் சுருக்கமாக. வீட்டுக்கு 50 மில்லிமீட்டர் உயரப் புல் தேவையில்லை. அது பெரிய கால்பந்து மைதானத்துக்கு. குட்டையான புல் வாங்கி சிலிக்கா மணல் மட்டும் தூவுங்கள். பழைய டயரை அரைத்த கறுப்பு ரப்பர் துகள் வேண்டவே வேண்டாம். அது வெயிலில் இன்னும் சூடாகும், மழையில் அடித்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போகும். இப்படிப்பட்ட துகள்களை மைதானங்களுக்கு விற்பதை எட்டு ஆண்டுகளில் நிறுத்துவதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் முடிவெடுத்தது. நாமும் நம் கிணற்றைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?

சுருள்களை விரித்துச் சில மணி நேரம் வெயிலில் கிடக்கவிட்டால் மடிப்பு நீங்கும். எல்லாச் சுருளிலும் புல் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார். ஒன்று திரும்பியிருந்தாலும் நிறம் வேறாகத் தெரியும். இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் பசை வேலை வைக்காதே. பந்து வெளியே போகாமல் வலை கட்டும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை மறக்கக் கூடாது. வலை காற்றைப் பிடித்து இழுக்கும். கம்பத்துக்கு ஆழமான கான்கிரீட் குழி போடாவிட்டால் ஆடி மாதத்தில் சாய்ந்துவிடும்.

இந்த வாரம் ஒரு வேலை செய். இடத்தின் நடுவிலும் நான்கு மூலையிலும் ஓரடிக் குழி தோண்டு. தண்ணீர் நிரப்பி முழுக்க வற்றவிட்டு, மறுபடியும் நிரப்பு. இரண்டாவது தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று ஒவ்வொரு குழிக்கும் குறித்து அனுப்பு. எந்தப் பக்கம் வாட்டம், எத்தனை லோடு ஜல்லி என்று அதைப் பார்த்த பிறகு கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
மாமா