பூட்டிய கணக்குகள்

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் புளியறை. இவ்வூர் வழியாகச் செல்லும் சாலை ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து, புனலூரையும் கொல்லத்தையும் அடைகின்றது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின் இங்குள்ள பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு காணப்படும்.

1075 என்னும் கொல்லம் ஆண்டில் எழுதிய கணக்கேடு ஒன்று இவ்வூர்ப் பெட்டகம் ஒன்றில் கிடைத்தது எனக் கொள்வோம். தமிழ் எண்களை அறிந்தவர் அதனை இன்றும் படிப்பர். அது 1899-1900 ஆம் ஆண்டுக்குரியது என்றும் உணர்வர். அதே பெட்டகத்தில், 1992 இல் கணிப்பொறியில் பதிந்த கணக்கு வட்டு ஒன்றும் கிடைத்தால், அதனைப் படிப்பது எங்ஙனம்? வெறுங்கண்ணுக்கு அது ஒரு கருந்தகடே. அதை ஏற்கும் பொறி அரிதாயிற்று. அக்கணக்கை எழுதிய மென்பொருளும் வழக்கொழிந்தது. கணக்கு அழியவில்லை; திறவுகோலே தொலைந்தது.

இஃது எளிய இழப்பன்று. ஒரு தொழிலாளி எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதைக் கொண்டே அவருக்குரிய பணிக்கொடை கணிக்கப்படும். ஊதியக் கணக்கு பூட்டிக் கிடக்குமாயின், அவருடைய உழைப்பிற்குச் சான்று ஏது?

மேலை நாட்டிலும் இத்தகைய இடர் நேர்ந்தது. இங்கிலாந்தில் 1086 இல் வில்லியம் மன்னர் எடுப்பித்த நிலக்கணக்கு, தோலில் எழுதப்பெற்று இன்றும் படிக்கப்படுகிறது. அதன் தொள்ளாயிரமாவது ஆண்டு நினைவாக, 1986 இல் பி.பி.சி. நிறுவனம் மக்கள் வாழ்க்கைச் செய்திகளைத் திரட்டி ஒளிவட்டுகளில் பதித்தது. பள்ளி மாணவர் பலர் அப்பணிக்கு உதவினர். ஆயினும் பதினாறு ஆண்டுகளுக்குள் அவ்வட்டுகளைப் படிக்கும் பொறிகள் அருகிப் போயின. 2002 இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர்கள், பழைய பொறியைப் போலவே புதிய கணிப்பொறி இயங்குமாறு செய்து அச்செய்திகளை மீட்டனர். இம்முறைக்குப் 'போலச் செய்தல்' எனப் பெயரிடலாம்.

வணிகக் கணக்கை மீட்போரும் இவ்வழியையே பின்பற்றுகின்றனர். முதற்கண், வட்டில் புதிதாக ஒன்றும் எழுதப்படாதவாறு காப்பர். பின்னர் அதிலுள்ளவற்றை எழுத்துப் பிசகாமல் படியெடுப்பர். மூலத்தைத் தொடாது படியிலேயே ஆய்வர். 'டாஸ்பாக்ஸ்' என்னும் மென்பொருள், பழைய நிரல்களைப் புதிய கணிப்பொறியில் இயக்க உதவும். நிரலே கிடைக்காவிடின், கோப்பின் அமைப்பை ஆராய்வர். அக்காலத்தில் பெரிதும் வழங்கிய 'டிபேஸ்' கோப்பின் தலைப்பகுதியில், கட்டங்களின் பெயரும் அகலமும் பதிவுகளின் எண்ணிக்கையும் குறிக்கப்பட்டிருக்கும். நீக்கிய பதிவும் உடனே மறைவதில்லை. அதன் முன் ஓர் உடுக்குறி மட்டுமே இடப்படும். கோப்பைச் சுருக்கும் ஆணையை இட்ட பின்னரே அது நீங்கும். ஆதலின் தவறுதலாக நீக்கிய வரவும் சில வேளைகளில் மீளும்.

தமிழ்ப் பெயர்களில் மற்றோர் இடரும் உண்டு. முன்னாளில் எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தமிழெழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண் வழங்கினர். ஆதலின் ஓர் எழுத்துருவில் எழுதிய பெயர் வேறோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். 1999 இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாடு இதற்குப் பொது முறை காண முயன்றது. இன்று உலகெங்கும் வழங்கும் ஒருங்குறிக்கு, மாற்று அட்டவணை கொண்டு அப்பெயர்களை மாற்றுவர். இறுதியில், மீட்ட தொகையை எஞ்சியுள்ள தாள் பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பர்.

வருமுன் காப்பதே அறிவுடைமை. கணக்கைப் பலரும் படிக்கத்தக்க பொது வடிவில் வைத்தலும், ஆண்டுதோறும் ஒரு படியைத் தாளில் அச்சிடுதலும், மென்பொருள் மாறும்போதே கணக்கையும் மாற்றுதலும் நன்று. ஏட்டுச்சுவடியைப் பழுதுறுமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்தனர் நம் முன்னோர். கருவி மாறினும் கடமை மாறவில்லை.